சிரித்த நேரம் போக மீதி

பதினான்கு வருடம் வீடியோ கேம் ஆடி நான் கற்றது மைனஸ் பதினான்காயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்று மணிநேரம். இதை நான் சொல்லவில்லை. விளையாட்டுவழிக் கற்றல் அங்கீகார நிறுவனம் சிவப்பு முத்திரை குத்திய தாளில் சொல்லியிருக்கிறது. அதாவது, பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட கேம் ஆடாத ஆளுக்கு என்ன தெரியுமோ, அதைவிட எனக்குக் குறைவாகத் தெரியும். தாளை மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். தெருவில் யாராவது வழி கேட்டால் எடுத்துக் காட்ட உதவும்.

என் பெயர் தக் ஹே-ரன். வயது முப்பத்தொன்பது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் போனில் திட்டு வாங்கும் வேலை பார்த்தேன். போன வசந்தத்தில் அந்த வேலையை ஒரு இயந்திரக் குரலிடம் கொடுத்துவிட்டார்கள். திட்டினால் அதற்கு உறைக்காதாம். எனக்கு மட்டும் உறைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேஜோன் மாநகர அவசர அழைப்பு அறையில் ஓர் இடம் காலி என்று விளம்பரம் வந்தது. ‘ஒரே நேரத்தில் பலருடைய ஆபத்தைக் கவனித்த அனுபவம், மூன்று வருடம்’ என்று கேட்டிருந்தார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் முப்பது. எனக்கு அந்த அனுபவம் பதினான்கு வருடம் இருந்தது. கேமில்தான். அது செல்லும் என்று அதற்கு முந்தைய வருடம்தான் சட்டம் போட்டிருந்தார்கள். இத்தனை லட்சம் ஜனங்கள் இத்தனை கோடி மணிநேரம் ஆடியதெல்லாம் வீண் என்று ஒப்புக்கொண்டால் நாட்டுக்கே அவமானம் அல்லவா? அதனால் கேமில் கற்றதை அளந்து சான்றிதழ் கொடுக்க ஒரு நிறுவனம் வைத்தார்கள்.

எங்கள் குழுவின் பெயர் ‘சாப்பிட்டாச்சா’. நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் கேமுக்குள் கூடுவோம். அதில் என் பெயர் வெந்நீர். மற்றவர்கள் வாளோடு அரக்கர்கள்மேல் பாய்வார்கள். நான் பின்னால் நின்று அவர்களுக்கு மருந்து போடுவேன். திரையின் ஓரத்தில் நாற்பது பேருடைய உயிரும் நாற்பது பச்சைக் கோடுகளாகத் தெரியும். கோடு குறைந்தபிறகு மருந்து போடுகிறவள் கத்துக்குட்டி. குறையப் போவது யாருடையது என்று முன்னாலேயே தெரிய வேண்டும். ‘எனக்கு ஒண்ணுமில்ல, நீ மத்தவங்களைப் பாரு’ என்று எவர் சொல்கிறாரோ, அவர்தான் அடுத்து விழப்போகிறவர். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

குழுவில் கருவாடு என்று ஒருத்தி. ஜின்ஜுவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. பதினான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அதிலிருந்து அவள் தவறி விழுவாள். விழுந்ததும் எல்லோரும் ‘க்க்க்க்க்’ என்று தட்டுவோம். எங்கள் ஊரில் எழுத்தில் சிரிப்பது அப்படித்தான். மூன்று ‘க்’ போட்டால் சிரிப்பு. இரண்டு போட்டால் மரியாதைக்கு. ஒன்றே ஒன்று போட்டால், ‘உன் மூஞ்சிக்கு இது போதும்’ என்று அர்த்தம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு. கருவாடு விழுந்தாள். முப்பத்தொன்பது பேர் சிரித்தோம். பன்றிக்கால் அண்ணனின் சிரிப்பு மட்டும் வரவில்லை. அவர் குன்சானில் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், நிஜப் பெயர் போங் சாங்-தெ. குழுவிலேயே முதலில் சிரிக்கிற ஆள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஏதோ தட்டினார். அதில் உயிரெழுத்து மட்டும் இருந்தது, ஒரு மெய்கூட இல்லை. எங்கள் விசைப்பலகையில் மெய்யெல்லாம் இடது கைப்பக்கம். அண்ணனுக்கு இடது கை வேலை செய்யவில்லை என்று எனக்கு உறைத்தது. பண்டிகைக்கு அவர் அனுப்பிய கடல்பாசிப் பெட்டியைத் தேடி எடுத்து, அதன்மேல் இருந்த முகவரியைச் சொல்லி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அழைப்பு அறைப் பெண் பதறவே இல்லை. என் அழைப்பிலேயே பக்கத்து வீட்டுக்காரரையும் இணைத்து, ‘அவரைச் சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா பாருங்க’ என்று கேட்டாள். கோணியது. மூளையில் ரத்த அடைப்பு. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்களாம் ஆஸ்பத்திரியில்.

அன்றைக்கு முடிவு செய்தேன், செய்தால் அந்தப் பெண்ணின் வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று.

நிறுவனம் ஏழாவது மாடியில் இருந்தது. அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து கேம் ஆடும் பிசி பாங். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மேலே வருகிறது என்று நிறுவனம் புகார் கொடுத்து, மூன்றாவது மாடியில் லிஃப்ட் நிற்காதபடி செய்திருந்தது.

பிரிவுத் தலைவர் நாம்குங் என் விண்ணப்பத்தைப் பார்த்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். மேசைமேல் ஒரு தூசி இல்லை.

“ஆடின நேரம் பத்தொன்பதாயிரத்து நானூத்தி எண்பது மணி. நல்லது மேடம். அடுத்த கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்களே.”

அடுத்த கட்டத்தில் ‘இதில் இன்பமாக இருந்த நேரம்’ என்று போட்டிருந்தது.

“எல்லாமேதான் சார்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப நீங்க எதுவும் கத்துக்கலையே மேடம். இன்பமா இருந்த நேரத்தைக் கழிச்சுட்டு மீதியைத்தான் கற்றல்னு எடுத்துக்குவோம். விதி பன்னிரண்டு.”

“சந்தோஷமாக் கத்துக்கக் கூடாதா சார்?”

“அது எப்படி முடியும்? கல்விங்கறது கஷ்டம் மேடம். நான் ஆறு வயசுல டியூஷன் போக ஆரம்பிச்சவன். கணக்கு, இங்கிலீஷ், பியானோ. ஒரு நாள் தெரியாத்தனமா, பியானோ நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டேன். மறுநாளே அம்மா நிறுத்திட்டாங்க. சரியான முடிவு. அதனாலதான் இன்னைக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்.”

“இப்பப் பியானோவைப் பாத்தா என்ன தோணும் சார்?”

“ஒண்ணும் தோணாது” என்றார் பெருமையோடு. “அந்த அளவுக்குப் படிச்சிருக்கேன்.”

எத்தனை நேரம் இன்பமாக இருந்தேன் என்பதை என் வாய்வார்த்தையை வைத்து முடிவு செய்ய முடியாதாம். பதினான்கு வருட அரட்டைப் பதிவை வரவழைத்தார்கள். ஏழு பேர் கொண்ட குழு உட்கார்ந்து என் ‘க்’குகளை எண்ணியது. ஒற்றை ‘க்’ இன்பம் ஆகாது, சோர்வு, ஏற்றுக்கொள்ளலாம். இரட்டை ‘க்’ மரியாதை. வரவும் இல்லை, கழிவும் இல்லை. மூன்றும் மூன்றுக்கு மேலும் இன்பம். ஒவ்வொரு ‘க்’குக்கும் ஐந்து நிமிடம் கழிக்க வேண்டும். இதுவரைக்கும் சுலபமாக முடிந்துவிட்டது. கண்ணீர் வடிகிற கண் மாதிரி எங்களுக்கு ஓர் எழுத்து உண்டு, அழுகைக்குப் போடுவோம். சில இடங்களில் நான் சிரிப்பையும் அழுகையையும் சேர்த்துப் போட்டிருந்தேன். அங்கே குழு இரண்டாகப் பிளந்தது. உபகுழு போட்டார்கள். பார்லித் தேநீர் நாலு சுற்று வந்தது. அழுகை முதலில் வந்தால் கற்றல், சிரிப்பு முதலில் வந்தால் இன்பம் என்று சாயங்காலம் தீர்ப்பானது. மொழியியல் பேராசிரியர் ஒருவர் மட்டும் கடைசிவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். சிரித்துக்கொண்டே அழுகிற மக்களும் உண்டு என்பது அவர் கட்சி. அவரை மாற்றிவிட்டார்கள்.

கழிக்க வேண்டிய ‘க்’ நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அப்படித்தான் நான் பூஜ்யத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன்.

சாட்சி கொண்டுவந்தால் மறுபரிசீலனை உண்டு என்றார்கள். பன்றிக்கால் அண்ணன் குன்சானிலிருந்து பார்சல் வண்டியிலேயே வந்து இறங்கினார். கையில் வைட்டமின் பானம் ஒரு பெட்டி. நாம்குங் பின்வாங்கினார்.

“லஞ்ச ஒழிப்புச் சட்டம் இருக்கு. எடுத்துட்டுப் போங்க.”

“பத்து பாட்டில் சார். ஆபீஸ்ல எல்லாரும் ஆளுக்கொண்ணு குடிங்க, தெம்பா இருக்கும்.”

“எங்களுக்குத் தெம்பு வேண்டாம். இந்தம்மா வேதனைப்பட்டதை நேர்ல பாத்திருக்கீங்களா, அதைச் சொல்லுங்க.”

“வேதனையா? எங்க வெந்நீரா? நல்லாக் கேட்டீங்க சார். இவ சிரிக்கறதைப் பாக்கத்தான் பாதிப்பேர் ஞாயித்துக்கிழமை வர்றதே.”

நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அண்ணனுக்குப் புரியவில்லை.

“சார், நான் உயிரோட உக்காந்திருக்கேன் பாருங்க. இவதான் காரணம். என் எழுத்தைப் பாத்தே எனக்குக் கை விழுந்துபோச்சுன்னு கண்டுபிடிச்சா. நாற்பது பேர்ல ஒருத்தன் சிரிக்கலைன்னு கவனிக்கறது சின்ன விஷயமா? இது படிப்பு இல்லேன்னா வேற எதுதான் சார் படிப்பு?”

நாம்குங் பதிவைப் புரட்டினார். “அது மருத்துவத் துறை சம்பந்தப்பட்டது. எங்க வரம்புக்குள்ள வராது. ஆனா நீங்களே இந்தச் சம்பவத்தைச் சொன்னதால நானும் சொல்லியாகணும். ஒன்பது நாள் கழிச்சு ஆஸ்பத்திரியிலேர்ந்து நீங்க, ‘பாதிச் சிரிப்புதான் வருது, மீதியைக் கடனா வெச்சுக்குங்க’ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு மேடம் அன்னைக்கு மட்டும் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு ‘க்’ போட்டிருக்காங்க. பதினாலு வருஷத்துலேயே அதிகமாக் கழிச்சது அந்த ஒரு நாளுக்குத்தான்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஏன் தங்கச்சி, நான் செத்திருந்தா உனக்கு நல்லா இருந்திருக்குமோ?”

“கூடுதல் மதிப்பெண் கிடைச்சிருக்கும்” என்றார் நாம்குங். அவர் கேலி செய்யவில்லை. விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு அழுகையாக வந்தது. அங்கே அழுதால் கணக்கில் சேராது என்பதால் அடக்கிக்கொண்டேன். பதிவு செய்யும் இயந்திரம் எட்டாவது மாடியில்தான் இருந்தது.

எட்டாவது மாடிக்குப் பெயர் மீட்புப் பயிற்சிக் கூடம். மைனஸில் இருக்கிறவர்களுக்கு அரசாங்கம் காட்டும் கருணை. கண்காணிப்பில் முந்நூறு மணிநேரம் இன்பமில்லாமல் ஆடிக் காட்டினால் பழையதெல்லாம் தள்ளுபடி, சான்றிதழும் கையில். ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம், ஐம்பது நாள். கன்னத்தில் இரண்டு பக்கமும் ஒரு ஒட்டு ஒட்டுவார்கள். கன்னம் மேலே ஏறினால் மணி அடிக்கும். மணி அடித்தால் அன்றைய ஆறு மணியும் போச்சு. நவம்பர் முப்பதுக்கு அறுபது வேலைநாள் இருந்தது. ஒன்பது நாள் சிரித்துத் தொலைத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். ‘நீ தனியா ஏன் கஷ்டப்படணும், முறைபோட்டு நாங்களும் கூட வர்றோம். யாரும் சிரிப்பு மூட்ட மாட்டோம்’ என்று அண்ணன் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்.

முதல் நாள் பத்துப்பேர் வந்து வரிசையாக நின்றார்கள். பன்றிக்கால் அண்ணன் எழுதினார்: ‘வணக்கம். இன்று வானிலை மிதமாக உள்ளது.’ ஒன்பது பேர் ஒருவர்பின் ஒருவராக, ‘ஆம்’ என்றார்கள். அந்த ஒன்பதாவது ‘ஆம்’ வரும்போது மணி அடித்துவிட்டது.

மறுநாள் கருவாடு, பாலத்தின் பக்கமே போக மாட்டேன் என்று மலையைச் சுற்றி முக்கால் மணிநேரம் நடந்து வந்தாள். பாவம், அத்தனை தூரம் பத்திரமாக வந்துவிட்டு, எங்கள் கண்முன்னே சமதரையில் இருந்த கிணற்றுக்குள் விழுந்தாள். யாரும் ஒரு எழுத்துத் தட்டவில்லை. பத்துப்பேரும் கிணற்றைச் சுற்றி மௌனமாக நின்றார்கள். மணி கூடம் முழுக்க அடித்தது. அதைக் கேட்டுச் சிரித்ததில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் அன்றைய ஆறு மணி போயிற்று.

ஒன்பது நாளும் இப்படியே கரைந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பத்தாம் நாள் காலை குழுவுக்கு எழுதினேன், ‘இனிமேல் யாரும் வராதீங்க’ என்று. ‘சரி’ என்று எல்லோர் சார்பாகவும் அண்ணனே பதில் போட்டார். ஞாயிற்றுக்கிழமையும் நான் போகவில்லை. சிரிக்காத பழக்கம் விட்டுப்போகக் கூடாது அல்லவா?

மதியச் சாப்பாட்டுக்குக் கீழே கல்குக்சு நூடுல்ஸ் கடைக்குப் போவேன். கூட யோம் வருவான். இருபத்தெட்டு வயது. அவனும் அதே அழைப்பு அறை வேலைக்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தான். வாழ்க்கையில் அவன் கேம் ஆடியதே இல்லை. அவன் வீட்டில் விட்டதில்லை. ஆடாதவர்களுக்கு நிறுவனம் எழுத்துத்தேர்வு வைத்திருந்தது. அதற்கென்றே அதே தெருவில் டியூஷன் நிலையம், எழுநூறு கேள்வி கொண்ட புத்தகம் எல்லாம் வந்துவிட்டன. யோம் முதல் வகுப்பில் தேறியவன். பூஜ்யத்திலிருந்து தொடங்கியதால் அவன் என்னைவிட எப்போதும் முன்னாலேயே இருந்தான்.

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? ‘மருந்து போடுபவர் கவனிக்க வேண்டிய ஐந்து’ எனக்கு மனப்பாடம். ஆனா மருந்து போட்டா எப்படி இருக்கும்?”

நூடுல்ஸ் ஆறும்வரை சொல்வேன். பச்சைக் கோடுகளைச் சொன்னேன். கருவாடு விழுகிற கதையைச் சொன்னேன், கிணறு உட்பட. யோம் சூப் மூக்கில் ஏறும்வரை சிரிப்பான். கடைக்காரம்மா ஒரு தடவை அவன் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. நான் முகத்தை மாற்றாமல் சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன். நல்ல பயிற்சி.

இருபதாம் நாள் வாக்கில் தந்திரம் பிடிபட்டது. அடிபடுகிறவர் யார், வீட்டில் சாப்பிட்டாரா, ஏன் இன்று தடுமாறுகிறார் என்றெல்லாம் யோசிக்காமல் இருந்தால் போதும். அப்புறம் கோடு வெறும் கோடுதான். பெயர் தெரியாதவர்களோடு ஆடினேன். வந்தார்கள், போனார்கள். மணி அடிக்கவில்லை. கணக்கில் சேர்ந்த ஐம்பதாம் நாள், நவம்பர் கடைசி வாரம், கேமில் எனக்கு முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்த ஒருத்தன் விழுந்து செத்தான். மருந்து என் கையிலேயே இருந்தது. அவன் கோடு மறைந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் பார்த்தேன். கண்காணிப்பாளர் வந்து, தாளில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார்.

நாம்குங் சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார்.

“முதல் நாள் வந்தப்ப உங்க முகத்தைப் பாத்து எனக்கு நம்பிக்கையே இல்லை மேடம். இப்பப் பாருங்க. என் தங்கச்சி மாதிரி இருக்கீங்க.”

நான் நன்றி சொன்னேன். மனதில் ஒன்றுமே இல்லை. அதுகூட அப்போது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் நேர்காணல். அழைப்பு அறையில் ஒவ்வொரு மேசைமேலும் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. தலைவி ஓர் ஐம்பது வயதுப் பெண். என் தாள்களை வரிசையாகப் பார்த்துத் தலையாட்டினாள்.

“அனுபவத்துக்கு முழு மதிப்பெண். இந்தக் கண்ணாடி எதுக்குன்னு தெரியுமா? கூப்பிடறவங்க பயந்து நடுங்கிட்டுக் கூப்பிடறாங்க. நம்ம முகம் மலர்ந்திருந்தாதான் அது குரல்ல போய் அவங்களுக்குத் தைரியம் கொடுக்கும். எங்க, ஒரு தடவை சிரிச்ச முகமா, ‘சொல்லுங்க, நான் இருக்கேன்’னு சொல்லுங்க பாக்கலாம்.”

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் கண்ணாடியை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

“உடம்பு சரியில்லையாம்மா?” என்று கேட்டாள். நல்ல பெண்மணி. நிஜமாகவே கேட்டாள்.

மூன்றாம் நாள் யோம் போன் செய்தான்.

“அக்கா, எனக்கு வேலை கிடைச்சிடுச்சு. உங்களாலதான் அக்கா. நேர்காணல்ல நாலு கேள்விக்குமேல பதில் வரல. சட்டுனு கருவாடு கிணத்துல விழுந்த கதையைச் சொல்லிட்டேன். மொத்தப் பேரும் சிரிச்சுட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. ‘இந்த முகம்தான் வேணும்’னு அந்தம்மா சொன்னாங்க.” கொஞ்சம் தயங்கினான். “நான் அங்கே இருந்த மாதிரிச் சொல்லிட்டேன். தப்பா அக்கா?”

“இல்லப்பா. நல்லா இரு” என்றேன். அவன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வயிற்றெரிச்சலாவது வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு, பதினோரு வாரம் கழித்து, வீட்டிலிருந்து கேமைத் திறந்தேன். மற்ற முப்பத்தொன்பது பேரும் கோட்டைப் பாதையில் எனக்காகக் காத்திருந்தார்கள். ‘வெந்நீர் வந்தாச்சு’, ‘சாப்பிட்டாச்சா’, ‘இனிமே சிரிக்கலாம்ல, மணி கிணி இல்லையே’ என்று திரை நிறைந்தது. பாலத்துக்கு வந்தோம். கருவாடு நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். விழுந்தாள்.

‘க்க்க்க்க்க்’ என்று வரிவரியாக மேலே ஏறியது. எல்லோரும் ஓய்ந்தார்கள். என்னுடையதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. விரலை விசையில் வைத்து அழுத்தினேன்.

ஒரு ‘க்’ போயிற்று. அதற்கு மேல் விரல் போகவில்லை.

அடுத்த நிமிடம் போன் அடித்தது. பன்றிக்கால் அண்ணன்.

“தங்கச்சி, ஒண்ணுதான் வந்துச்சு. இடது கையைத் தூக்கு.”

“தூக்கிட்டேண்ணே. நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க மத்தவங்களைப் பாருங்க.”

“யார்கிட்ட வந்து இதைச் சொல்ற நீ? எந்திரிச்சுக் கண்ணாடி முன்னாடி போ. போயிட்டியா? சிரி. வாய் ஒரு பக்கம் கோணுதா பாரு.”

குளியலறைக் கண்ணாடி முன் நின்று, என்னால் முடிந்தவரை சிரித்தேன். வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் பார்த்தேன். இரண்டுமே அசையவில்லை.

“கோணலைண்ணே” என்றேன். “ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு.”